கடைசிச் சொல் யாருடையது? ஆர்தர் ஆண்டர்சனின் 89 ஆண்டுகள்

ஆர்தர் ஆண்டர்சன் என்றால் என்ரான், என்ரான் என்றால் காகிதம் கிழித்த கதை. முன்னது அமெரிக்கத் தணிக்கை நிறுவனம், பின்னது அது தணிக்கை செய்துவந்த, 2001-ல் திவாலான ஹூஸ்டன் நகர எரிசக்திக் கம்பெனி. ஆடிட்டர்கள் கூடும் இடங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இப்படித்தான் பேசி முடித்துவிடுகிறார்கள். சுருக்கமான கதை, சொல்ல வசதி. ஆனால் அது எதையும் விளக்குவதில்லை. 2001-ல் அந்த நிறுவனத்தில் உலகம் முழுக்க 85,000 பேர் வேலை பார்த்தார்கள், ஆண்டு வருமானம் 930 கோடி டாலர். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 31-க்குப் பிறகு, அமெரிக்கப் பங்குச் சந்தையில் இருக்கும் எந்தக் கம்பெனியின் கணக்கிலும் அது கையெழுத்துப் போட முடியாது. ஒரே ஒரு பார்ட்டியால், அதாவது ஒரே ஒரு வாடிக்கையாளரால், இவ்வளவு பெரிய நிறுவனம் விழுந்துவிடுமா?

விழாது என்பதுதான் என் கட்சி. என்ரான் வருவதற்கு வெகு காலம் முன்பே இரண்டு விஷயங்கள் மாறிவிட்டன: லாபத்தைப் பார்ட்னர்களுக்குள் பங்கிடும் முறை ஒன்று, கணக்கில் சந்தேகம் வந்தால் கடைசிச் சொல் யாருடையது என்ற விதி இன்னொன்று. ஆடிட்டர் ஆபீஸ், வக்கீல் ஆபீஸ், ஆர்க்கிடெக்ட் நிறுவனம், மேலாண்மை ஆலோசனை என்று படிப்பையும் பெயரையும் வைத்துத் தொழில் நடத்துகிற எவருக்கும் இந்த இரண்டும் பொருந்தும். அதனால்தான் இந்தப் பழைய கதையை முதலிலிருந்து எடுக்கிறேன்.

நிறுவனர்

ஆர்தர் ஆண்டர்சன் 1885-ல் இல்லினாய் மாநிலத்தின் பிளேனோ ஊரில் பிறந்தார். பெற்றோர் நார்வேயிலிருந்து குடியேறியவர்கள். பதின்ம வயதிலேயே இருவரையும் இழந்தார். பகலில் ஒரு தொழிற்சாலையில் தபால் கொண்டு கொடுக்கும் வேலை, இரவில் படிப்பு. 1908-ல், 23 வயதில், அந்த மாநிலத்தின் மிக இளைய சி.பி.ஏ. (நம் ஊர் சி.ஏ. மாதிரி) ஆனார். பிரைஸ் வாட்டர்ஹவுஸில் கொஞ்ச காலம், மில்வாக்கியின் ஷ்லிட்ஸ் பீர் கம்பெனியில் கணக்குப் பொறுப்பில் கொஞ்ச காலம். 1913-ல் கிளாரன்ஸ் டிலேனி என்ற கூட்டாளியுடன் சேர்ந்து சிகாகோவில் ஒரு சின்னத் தணிக்கை நிறுவனத்தை வாங்கினார். 1918-ல் டிலேனி விலகிக்கொள்ள, பெயர் ஆர்தர் ஆண்டர்சன் அண்ட் கோ ஆனது. நேராக யோசி, நேராகப் பேசு என்று அம்மா சொல்லிக் கொடுத்ததையே நிறுவனத்தின் கொள்கையாக வைத்துக்கொண்டார்.

அவரைப் பற்றி இரண்டு கதைகள் உண்டு. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு உள்ளூர் ரயில் கம்பெனியின் தலைவர், செலவைக் குறைத்துக் காட்டும் கணக்குக்கு ஒப்புதல் கேட்டு நேரிலேயே வந்து நின்றாராம். சிகாகோ நகரத்தில் இருக்கும் பணம் மொத்தத்தையும் கொட்டினாலும் அந்த அறிக்கையை மாற்ற மாட்டேன் என்று ஆண்டர்சன் சொல்லிவிட்டார். பார்ட்டி போய்விட்டது, சில மாதங்களில் அந்த ரயில் கம்பெனி திவாலும் ஆனது. இரண்டாவது, மிச்சிகன் ஏரியில் கப்பல் விடும் ஒரு கம்பெனி. கணக்கு ஆண்டு முடிந்தபின், 1915 பிப்ரவரியில், அதன் கப்பல் ஒன்று மூழ்கியது. போன ஆண்டுக் கணக்கில் இதை ஏன் சொல்ல வேண்டும் என்று கம்பெனி கேட்டது. சொல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று ஆண்டர்சன் நின்றார்.

இவை நிறுவனத்துக்குள் புதிதாகச் சேர்பவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைகள். அந்த மெருகைக் கழித்துக்கொண்டுதான் கேட்க வேண்டும். ஆனாலும் இவற்றுக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அந்த நாளில் ஆண்டர்சன் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் பாடமும் நடத்திக்கொண்டிருந்தார். மாதம் தவறாமல் ஒரு சம்பளம் வந்தது. ஒரு பார்ட்டி கோபித்துக்கொண்டு போனால் அடுப்பு அணைந்துவிடாது. நேர்மைக்கு மனசு வேண்டும்தான். கையிருப்பும் வேண்டும் என்பதை இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வெளியே சொல்ல மாட்டார்கள்.

பிறகு நேர்மையே முதலீடாக மாறியது. 1932-ல் சாமுவேல் இன்சல் என்பவரின் மின்சார சாம்ராஜ்யம் சரிந்தபோது, அதன் பணத்தைக் கண்காணிக்க ஒரு கறாரான ஆள் வேண்டும் என்று வங்கிக்காரர்கள் தேடினார்கள், ஆண்டர்சனைத்தான் பிடித்தார்கள். கடன் கொடுப்பவன் நம்பும் கையெழுத்து என்று ஒரு முறை பெயர் வாங்கிவிட்டால் கடன் வாங்குபவன் தானாக வந்து நிற்பான்.

1947-ல் ஆண்டர்சன் இறந்ததும் நிறுவனம் உடையும் நிலைக்குப் போனது. கூட்டி நிறுத்தியவர் லியோனார்ட் ஸ்பாசெக். 1963 வரை அவர் தலைமை. ஆண்டர்சனை விடவும் வாய்த் துடுக்கு. கணக்கியல் விதிகள் ஆளுக்கொரு மாதிரி வளைகின்றன, இதற்கென்று தனி நீதிமன்றம் வேண்டும் என்று மேடை போட்டுப் பேசியவர். சக நிறுவனங்களுக்கு அவரைக் கண்டால் ஆகாது. ஆனால் ஸ்பாசெக் காலத்தில்தான் ஆண்டர்சன் சிகாகோ நிறுவனம் என்பதிலிருந்து உலக நிறுவனமாக வளர்ந்தது.

வளர்ந்தபோது தரத்தை எப்படிக் காப்பாற்றினார்கள் என்பதை நின்று பார்க்க வேண்டும். மற்ற பெரிய நிறுவனங்கள் ஊருக்கு ஊர் இருந்த சின்ன நிறுவனங்களை வாங்கிச் சேர்த்து வளர்ந்தன. ஆண்டர்சன் பெரும்பாலும் கல்லூரி முடித்த பிள்ளைகளை எடுத்து, எல்லோருக்கும் ஒரே பயிற்சி கொடுத்து, அவர்களை வெளியூருக்கு அனுப்பிப் புதுக் கிளை திறந்தது. 1970-களின் தொடக்கத்தில் சிகாகோவுக்குப் பக்கத்தில் செயின்ட் சார்ல்ஸ் என்ற ஊரில் மூடிப் போன ஒரு கல்லூரி வளாகத்தையே வாங்கிப் பயிற்சி மையமாக்கினார்கள். மனிலாவிலிருந்து வந்தவரும் மாட்ரிடிலிருந்து வந்தவரும் ஒரே வகுப்பில் ஒரே பாடம். எல்லா ஊர் ஆபீஸிலும் ஒரே மாதிரி கனத்த மரக்கதவு. வெளியில் இருப்பவர்கள் இவர்களை ஆண்ட்ராய்டுகள் (மனித உருவ ரோபோக்கள்) என்று கேலி செய்தார்கள். கேலிதான், ஆனால் பணம் கொடுக்கிறவன் அந்த ஒரே மாதிரித்தனத்தைத்தான் வாங்கினான்.

பங்கு பிரித்த கதை

கென்டக்கி மாநிலம் லூயிவில் நகரில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனிக்கு வீட்டுச் சாதனத் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அங்கே சம்பளக் கணக்கு போட யூனிவாக் கணினியைப் பயன்படுத்த முடியுமா என்று பார்த்துச் சொல்லும் வேலை ஆண்டர்சனிடம் வந்தது. 1954-ல் அந்தக் கணினி ஓடத் தொடங்கியது. அமெரிக்காவில் ஒரு தனியார் கம்பெனி வியாபார வேலைக்குக் கணினியைப் பயன்படுத்திய முதல் நிகழ்வாக அதைச் சொல்வார்கள். தணிக்கை நிறுவனம் ஒன்றுக்குள் கணினி ஆலோசனைத் தொழில் முளைத்த இடம் அது.

முளைத்தது மரமானது. தணிக்கையோ வளரவில்லை. 1970-களில் அமெரிக்காவில் கணக்காளர்கள் விலை கேட்டுப் போட்டி போடக் கூடாது, விளம்பரம் செய்யக் கூடாது என்ற பழைய தடைகள் விலகின. தணிக்கை டெண்டர் சரக்காகி, ஃபீஸ் நெருக்கப்பட்டது. (நம் ஊரில் சி.ஏ.க்களுக்கு இருக்கும் விளம்பரக் கட்டுப்பாட்டைத் திட்டுபவர்கள் அந்தப் பத்தாண்டை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.) ஆலோசனை வேலையில் ஒரு திட்டம் கிடைத்தால் நூறு பேருக்கு இரண்டு ஆண்டு வேலை, தணிக்கையில் போன ஆண்டு வாங்கிய ஃபீஸைக் குறைக்காமல் வாங்குவதே பெரும்பாடு.

1979-ல் தலைவர் ஹார்வி கேப்னிக் இரண்டையும் பிரித்துவிடலாம் என்றார். பார்ட்னர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் வெளியேறினார். அன்று பிரிந்திருந்தால் இந்த ஆய்வை எழுத வேண்டிய தேவையே வந்திருக்காது என்று எனக்குத் தோன்றுகிறது. 1980-களின் இறுதியில் வருமானத்தில் ஏறத்தாழ 40 சதவிகிதம் ஆலோசனையிலிருந்து வந்தது. ஆனால் வாக்குகளும் தலைமையும் தணிக்கைக்காரர்களிடம்தான். சம்பாதிப்பவன் ஒருவன், முடிவெடுப்பவன் இன்னொருவன் என்றால் சண்டை வராமல் இருக்குமா?

1989-ல் அரைகுறையாகப் பிரித்தார்கள். ஆர்தர் ஆண்டர்சன் தணிக்கையும் வரியும் பார்க்கும். ஆண்டர்சன் கன்சல்டிங் ஆலோசனை பார்க்கும். இரண்டுக்கும் மேலே ஜெனீவாவில் பதிவான ஒரு தாய் அமைப்பு. அதிக லாபம் பார்க்கும் பிரிவு மற்றதற்குத் தன் லாபத்தில் 15 சதவிகிதம் வரை கொடுக்க வேண்டும். கூட்டுக்குடும்பத்தில் தம்பி சம்பாதித்து அண்ணன் வீட்டுச் செலவுக்குக் கொடுக்கிற ஏற்பாடு மாதிரி. கொடுப்பவனுக்கு ஆண்டுதோறும் எரியும். வாங்குபவனுக்கு ஆண்டுதோறும் அவமானம்.

அவமானம்தான் பெரிய விளைவுகளை உண்டாக்கியது என்று நினைக்கிறேன். தணிக்கைப் பார்ட்னர்கள் தாங்களும் ஆலோசனை விற்று வளர்ந்துகாட்ட முடிவு செய்தார்கள். ஒப்பந்தப்படி அவர்கள் சிறிய, நடுத்தரக் கம்பெனிகளுக்கு அந்த வேலையைச் செய்யலாம். மெல்ல மெல்ல எல்லை தாண்டினார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே பார்ட்டியின் வாசலில் போட்டி போட்டுக்கொண்டு நின்ற சம்பவங்கள் நடந்தன. 1990-களின் தொடக்கத்தில் தணிக்கைப் பிரிவிலிருந்து சுமார் பத்தில் ஒரு பார்ட்னர் வெளியேற்றப்பட்டார். போகச் சொல்லப்பட்டவர்களில் வியாபாரம் பிடிக்கத் தெரியாதவர்கள் நிறையப் பேர். மிச்சமிருந்தவர்களுக்குச் செய்தி புரிந்தது: தணிக்கைக் கட்டணத்தைப் போல இரண்டு மடங்கு பிற வேலை கொண்டுவருபவர்தான் நல்ல பார்ட்னர்.

1997 டிசம்பரில் ஆலோசனைப் பிரிவு பிரிந்துபோகக் கேட்டு சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. தணிக்கைப் பிரிவு ஈடாகக் கேட்டது 1,400 கோடி டாலருக்கு மேல். 2000 ஆகஸ்டில் கொலம்பியாவைச் சேர்ந்த நடுவர் தீர்ப்புச் சொன்னார்: போகலாம், இதுவரை ஒதுக்கி வைத்திருக்கும் சுமார் 120 கோடி டாலரை விட்டுவிட வேண்டும், ஆண்டர்சன் என்ற பெயரையும் விட்டுவிட வேண்டும். 2001 ஜனவரி 1 முதல் அது அக்சென்ச்சர். பெயர் பறிபோனதை அன்று பெரிய இழப்பாகப் பேசினார்கள். 15 மாதம் கழித்துப் பார்த்தால், அந்த நடுவர் அவர்களுக்குச் செய்த மிகப் பெரிய உபகாரம் அதுதான். இன்று சென்னை, பெங்களூரு உள்ளிட்ட நம் நகரங்களில் அக்சென்ச்சரில் வேலை பார்ப்பவர்கள் மட்டும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். 2024 நிதியாண்டில் அதன் வருமானம் சுமார் 6,490 கோடி டாலர்.

குப்பை லாரியின் ஆயுள்

என்ரானுக்கு முன்னால் இதைப் பார்த்துவிட வேண்டும். என் கணக்கில் ஆண்டர்சன் கதையின் மையம் இதுதான்.

வேஸ்ட் மேனேஜ்மென்ட் சிகாகோவுக்கு அருகே ஓக் புரூக்கில் தலைமையகம் வைத்திருந்த குப்பை அள்ளும் கம்பெனி. பங்குச் சந்தையில் பெரிய பெயர். ஆண்டர்சன் அதன் நீண்ட கால ஆடிட்டர். 1997 வரை அந்தக் கம்பெனியின் தலைமை நிதி அதிகாரிகளும் தலைமைக் கணக்கு அதிகாரிகளும் ஒருவர் விடாமல் முன்னாள் ஆண்டர்சன்காரர்கள். 1991-ல் தணிக்கைக் கட்டணத்துக்கு உச்சவரம்பு போட்டாயிற்று. அதற்கு மேல் சம்பாதிக்க வேண்டுமென்றால் சிறப்பு வேலைகள் மூலம் சம்பாதித்துக்கொள்ளலாம் என்று பேச்சு. 1991 முதல் 1997 வரை தலைமையகத்திலிருந்து தணிக்கைக்கு வந்தது சுமார் 75 லட்சம் டாலர். பிற வேலைகளுக்கு வந்தது 1 கோடியே 18 லட்சம் டாலர். இவையெல்லாம் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் நடவடிக்கையில் பதிவாகியிருக்கின்றன.

கம்பெனி செய்த தந்திரம் பெரிய ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. குப்பை லாரிகளின் ஆயுளைக் காகிதத்தில் நீட்டினார்கள். கடைசியில் பழைய இரும்பாக விற்றால் என்ன கிடைக்கும் என்ற மதிப்பையும் ஏற்றினார்கள். ஆண்டுதோறும் செலவாக எழுத வேண்டிய தேய்மானம் குறைந்தது, லாபம் ஏறியது. இதைக் கண்டுபிடிக்க, ஆடிட்டர் ஆபீஸில் பயிற்சிக்கு இருக்கும் எந்த ஆர்ட்டிகிள் பையனாலும் முடியும். ஆண்டர்சன் ஆட்களும் கண்டுபிடித்தார்கள்! திருத்தப் பதிவுகளைத் தொகையோடு எழுதி நிர்வாகத்திடம் கொடுத்தார்கள். நிர்வாகம் போட மாட்டேன் என்றது.

அப்புறம் நடந்ததுதான் விஷயம். 1990-களின் முற்பகுதியில் இரு தரப்பும் உட்கார்ந்து நான்கு பக்கத்துக்கு ஒரு திட்டம் எழுதின. இன்னின்ன தவறான நடைமுறைகளை இனிமேல் மாற்றிக்கொள்வோம், சேர்ந்துபோன பழைய பிழைகளைப் பத்து ஆண்டு வரை கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்வோம் என்ற ஒப்பந்தம். வெளியில் யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டுக் கணக்கில் குறை ஏதும் இல்லை என்று கையெழுத்து விழுந்தது. கம்பெனி அந்தத் திட்டத்தைப் பின்பற்றவும் இல்லை. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் கையெழுத்து விழுந்துகொண்டே இருந்தது. 1998-ல் உண்மை வெளிவந்தபோது லாபத்தில் திருத்த வேண்டியிருந்த தொகை 143 கோடி டாலர்.

நம் ஊர் ஆடிட்டர் ஆபீஸ் எதிலாவது ஒரு மாதம் இருந்தவர்களுக்கு இந்த நான்கு பக்கம் புதிதாகவே தெரியாது. செப்டம்பர் மாதக் கடைசி. ஸ்டாக் லிஸ்டுக்கும் குடோனில் இருப்பதற்கும் வித்தியாசம் என்று பையன் குறித்துக்கொண்டு வருகிறான். முதலாளி ஃபோனில், "இந்த வருஷம் பேங்க் லிமிட் ரினியூவல் இருக்கு சார், அடுத்த வருஷம் சரி பண்ணிடலாம்" என்கிறார். பார்ட்டியைக் கொண்டுவந்த பார்ட்னர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டு, "சரி, நோட் பண்ணி வைப்பா" என்கிறார். நோட் பண்ணி வைத்த பேப்பர் அடுத்த ஆண்டு ஃபைலில் முதல் பக்கமாக வந்து நிற்கும், அதற்கடுத்த ஆண்டும் நிற்கும். வேஸ்ட் மேனேஜ்மென்ட் விவகாரத்தில் வேறுபாடு அளவில் மட்டும்தான்.

2001 ஜூனில் ஆண்டர்சன் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலும் மறுக்காமலும் 70 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. இனி இப்படி நடக்காது என்ற நீதிமன்றக் கட்டளைக்கும் இணங்கியது. அதே காலத்தில் சன்பீம் என்ற வீட்டுச் சாதனக் கம்பெனி விவகாரத்தில் பங்குதாரர்களுக்கு 11 கோடி டாலர். அரிசோனாவின் பாப்டிஸ்ட் அறக்கட்டளை விவகாரத்தில், பெரும்பாலும் வயதானவர்களின் சேமிப்பு போன இடம் அது, 2002-ல் 21.7 கோடி டாலர். 930 கோடி வருமானத்தின் முன்னால் இவை தொழில் செலவு போலத் தோன்றியிருக்கும். ஆனால் நீதிமன்றக் கட்டளை செலவுக் கணக்கில் அடங்காது. அடுத்த முறை பிடிபட்டால் அரசு வேறு முகம் காட்டும் என்பதற்கு அது முன்னறிவிப்பு.

ஹூஸ்டன்

என்ரான் கணக்கின் நுணுக்கங்களை இங்கே விரிக்கப் போவதில்லை. கடனைத் துணை அமைப்புகளுக்குள் ஒளித்தது, நிதி அதிகாரியே அந்த அமைப்புகளை நடத்தியது, வராத லாபத்தை வந்ததாக எழுதியது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

பணத்தைப் பார்ப்போம். 2000-ல் என்ரான் ஆண்டர்சனுக்குக் கொடுத்தது 5.2 கோடி டாலர்: தணிக்கைக்கு 2.5 கோடி, மற்றவற்றுக்கு 2.7 கோடி. உள்தணிக்கையும் ஆண்டர்சன் கையில்தான் இருந்தது. என்ரான் கட்டடத்துக்குள்ளேயே ஆண்டர்சன் ஆட்களுக்கு நிரந்தர இடம். என்ரானின் தலைமைக் கணக்கு அதிகாரியும் பழைய ஆண்டர்சன்காரர்.

930 கோடியில் 5.2 கோடி என்பது ஒரு சதவிகிதம்கூட இல்லை. சிகாகோவில் உட்கார்ந்து பார்த்தால் என்ரானை இழக்கலாம். நிறுவனத்துக்கு ஒன்றும் ஆகாது. ஹூஸ்டன் ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தால்? அங்கே என்ரான் தணிக்கையின் தலைமைப் பார்ட்னர் டேவிட் டங்கனின் வாழ்வே என்ரான்தான். ஒரு பார்ட்டியை இழக்கும் சக்தி நிறுவனத்துக்கு இருந்தது, முடிவெடுக்கும் மனிதருக்கு இல்லை. நிறுவனர் காலத்தில் இந்த இரண்டும் ஒரே ஆளிடம் இருந்தன.

2001 பிப்ரவரி 5 அன்று மூத்த பார்ட்னர்கள் பலர் கூடி, என்ரானை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று பேசினார்கள். எல்லா ஆபத்துகளும் மேசைமேல் இருந்தன. நிதி அதிகாரியின் இரட்டை வேடம், கணக்கு முறையின் துணிச்சல் எல்லாவற்றையும் பேசினார்கள். என்ரானிலிருந்து ஆண்டுக்கு 10 கோடி டாலர் வரைகூட ஃபீஸ் வளரலாம் என்பதும் பேச்சில் வந்தது. முடிவு: வைத்துக்கொள்வோம், நம்மிடம் சரியான ஆட்களும் முறைகளும் இருக்கின்றன.

அந்தச் சரியான ஆட்களில் ஒருவர் கார்ல் பாஸ். கடினமான கணக்குக் கேள்விகளுக்குத் தீர்ப்புச் சொல்லும் நிபுணர் குழுவில் இருந்தவர். என்ரானின் பல ஏற்பாடுகளுக்கு அவர் எழுத்தில் ஆட்சேபம் சொன்னார். மற்றப் பெரிய நிறுவனங்களில் இப்படிப்பட்ட குழு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆண்டர்சனில் பார்ட்டியைக் கவனிக்கும் பார்ட்னர் அந்தக் கருத்தை ஒதுக்கிவிட்டு மேலே போகலாம். டங்கனின் அணி ஒதுக்கிவிட்டுப் போனது. போதாததற்கு, இவர் எங்களுக்கு ஒத்துவர மாட்டார் என்று என்ரான் சொல்ல, 2001 மார்ச்சில் பாஸை என்ரான் வேலையிலிருந்தே நகர்த்திவிட்டார்கள். தன்னைத் தணிக்கை செய்பவர் யார் என்பதைத் தணிக்கைக்கு உள்ளானவரே தேர்ந்தெடுத்தார். இதைச் செய்த அன்றே ஆண்டர்சன் முடிந்துவிட்டது என்றுகூடச் சொல்வேன். மிச்சமெல்லாம் தேதி விவகாரம்.

தேதிகள் இவை. அக்டோபர் 16: என்ரான் ஒரே காலாண்டில் 61.8 கோடி டாலர் நட்டம் அறிவிக்கிறது. அக்டோபர் 23: ஹூஸ்டனில் ஆவண அழிப்பு தொடங்குகிறது, தேவையற்ற காகிதங்களை வைத்திருக்கக் கூடாது என்ற நிறுவனக் கொள்கையின் பெயரால். நவம்பர் 8: பங்குச் சந்தை ஆணையத்தின் சம்மன் வருகிறது. நவம்பர் 9: கிழிப்பதை நிறுத்தச் சொல்லிச் செய்தி போகிறது. டிசம்பர் 2: என்ரான் திவால்.

வழக்கும் அதன் மிச்சமும்

2002 மார்ச்சில் அரசு நிறுவனத்தின்மீதே குற்ற வழக்குப் போட்டது. தீர்ப்பு வரும்வரை யாரும் காத்திருக்கவில்லை. டெல்டா, ஃபெடெக்ஸ், மெர்க் என்று பெரிய பார்ட்டிகள் ஒவ்வொன்றாக விலகின. முன்னாள் மத்திய வங்கித் தலைவர் பால் வோல்க்கரை அழைத்துவந்து, ஆலோசனையை உதறிவிட்டுத் தணிக்கை மட்டும் செய்யும் நிறுவனமாக மாற்றும் திட்டம் போட்டார்கள். 1979-ல் கேப்னிக் சொன்னதற்கு நெருக்கமான திட்டம், 23 ஆண்டு தாமதமாக.

ஜூன் 15 அன்று நீதிமன்றத்தின் நடுவர் குழு (ஜூரி) குற்றவாளி என்றது. அதிலும் ஒரு வேடிக்கை: கிழித்த காகிதத்தைவிட, ஒரு குறிப்பைத் திருத்தியதைத்தான் அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். என்ரானின் பத்திரிகை அறிக்கை தவறான எண்ணம் தரக்கூடியது என்று ஆண்டர்சன் நினைத்ததாகக் காட்டும் வரிகளையும், தன் பெயரையும் அந்தக் குறிப்பிலிருந்து எடுக்கச் சொல்லி நிறுவனத்தின் வக்கீல் ஒருவர் அனுப்பிய மின்னஞ்சல் அது. 2005 மே 31-ல் உச்ச நீதிமன்றம் நடுவர் குழுவுக்குத் தரப்பட்ட விளக்கம் தவறு என்று ஒருமனதாகத் தீர்ப்பை ரத்து செய்தது. அதற்குள் காப்பாற்ற ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை. நிறுவனத்தின்மீதே வழக்குப் போட்டது சரியா என்று இன்றும் வாதம் நடக்கிறது. சரியில்லை என்றே நினைக்கிறேன். அமெரிக்காவில் மட்டும் 28,000 பேர் இருந்த இடத்தில் என்ரான் ஃபைலைத் தொட்டவர்கள் சில நூறு பேர் இருந்தால் அதிகம். ஆனால் சட்டப்படி தப்பியிருந்தாலும், அந்தக் கையெழுத்தை இனி எந்த வங்கி நம்பியிருக்கும்?

ஆண்டர்சனின் பழைய வரிப் பார்ட்னர்கள் சிலர் 2002-ல் வேறு பெயரில் தொழில் தொடங்கி, 2014-ல் ஆண்டர்சன் என்ற பெயரை வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் வரியும் ஆலோசனையும் பார்க்கிறார்கள், தணிக்கை செய்வதில்லை.

இங்கே

சத்யம் கம்ப்யூட்டர்ஸின் கணக்கு மோசடி 2009 ஜனவரியில் வெடித்தபின் நம் நாட்டிலும் சட்டம் இறுகியது. 2013 கம்பெனிச் சட்டத்தின் 144-ஆம் பிரிவு, ஆடிட்டர் அதே கம்பெனிக்குக் கணக்கு எழுதுவது, உள்தணிக்கை செய்வது, மேலாண்மைச் சேவை தருவது போன்றவற்றைத் தடுக்கிறது. 139-ஆம் பிரிவின்படி பட்டியலிட்ட கம்பெனிகளிலும் குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மற்றக் கம்பெனிகளிலும் தனி ஆடிட்டர் ஐந்து ஆண்டுக்கு மேலும், நிறுவனம் பத்து ஆண்டுக்கு மேலும் தொடர முடியாது. நல்ல விதிகள். ஆனால் இவை பார்ட்டிக்கும் ஆபீஸுக்கும் நடுவே வேலி போடுகின்றன. ஆபீஸுக்குள் பார்ட்னர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது டீட், அதாவது பார்ட்னர்களுக்குள் போடும் ஒப்பந்தம், எழுதுபவர்களின் கையில்தான்.

அந்த டீடை இந்த ஆய்வை வைத்துக்கொண்டு பார்த்தால் சில இடங்கள் உறுத்தும். "யார் கொண்டுவந்த பார்ட்டியோ அவருக்கு இத்தனை சதவிகிதம்" என்ற வரி வளரும்போது உற்சாகம் தரும். பிரச்சினை வரும்போது ஒவ்வொரு பார்ட்னரையும் ஒரு டங்கன் ஆக்கும். அனுபவ ஆண்டுகளை வைத்து மட்டும் பங்கிடும் முறை அந்த நெருக்கடியைக் குறைக்கும். நியூயார்க்கின் கிராவத் சட்ட நிறுவனம் நெடுங்காலம் அப்படித்தான் நடத்தியது. ஆனால் நட்சத்திரங்களைப் போட்டியாளர்கள் அள்ளிக்கொண்டு போக, 2021-ல் அதுவும் தளர்த்திக்கொண்டது. எனவே முழுச் சமபங்குதான் தீர்வு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். பெரிய பார்ட்டி ஒன்றை விட்டுவிட நேர்ந்தால் அந்த ஆண்டு அதைக் கவனித்த பார்ட்னரின் பங்கு குறையாது என்று ஒரு வரி சேர்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும். நான் பார்த்த டீடுகளில் அந்த வரி இல்லை.

எல்.எல்.பி. (ஒவ்வொரு பார்ட்னரின் பொறுப்புக்கும் வரம்பு வைத்த பார்ட்னர்ஷிப்) பற்றியும் ஒரு சொல். எல்லையற்ற பொறுப்புள்ள பழைய பார்ட்னர்ஷிப்பில் பக்கத்து அறைக்காரர் தப்பான கையெழுத்துப் போட்டால் என் வீடும் போகும். அதனால் அவர் ஃபைலை நான் எட்டிப் பார்ப்பேன். டெக்சாஸ் 1991-ல் எல்.எல்.பி. சட்டம் கொண்டுவர, அந்தப் பத்தாண்டிலேயே பெரிய நிறுவனங்கள் எல்லாம் மாறின, ஆண்டர்சனும் மாறியது. நம் நாட்டில் 2008-ல் சட்டம் வந்தது. பாதுகாப்புக்காக மாறுவதில் தப்பில்லை. ஆனால் எட்டிப் பார்க்கும் பழக்கம் பயத்தால் வந்தது என்பதால், பயம் போனதும் அதுவும் போய்விடும். அதன் இடத்தில் சம்பந்தமில்லாத இன்னொரு பார்ட்னர் ஃபைலைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்று வைக்கலாம். அவர் மாட்டேன் என்றால் ஃபைல் நிற்க வேண்டும். பார்ட்டியைக் கொண்டுவந்தவர் அதைத் தாண்டிப் போகலாம் என்றால், அந்த இரண்டாம் கையெழுத்தை வாங்காமலே விட்டுவிடலாம்.